ஆறு மதி

கால்பந்தாட்டத்தில் தன் பக்கத்துக் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துத் தன் அணியைத் தோற்கடித்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாவம், திசை தெரியாதவர்கள். ஆனால் எதிரணியின் கோலுக்குள், முறையாக, நடுவரே விசில் ஊதி ஒப்புக்கொள்ளும்படி ஒரு கோல் அடித்து, அந்த ஒரே காரணத்தால் சொந்த அணியைத் தோற்கடித்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

குற்றம் முழுவதும் என்னுடையதல்ல. பாதிக் குற்றம் என் பெயருடையது. மதிவாணன் என்பது அப்பா தமிழார்வத்தில் வைத்த பெயர். (என் அக்காவுக்கு அவர் வைத்த பெயரை இங்கே எழுதினால் அவள் போன் செய்து திட்டுவாள்.) விருதுநகரில் இருந்தவரைக்கும் இந்தப் பெயரால் ஒரு தொல்லையும் இல்லை. வீட்டில் மதி, தெருவில் மதி, பள்ளிக்கூடத்தில் மதி. மதி என்றால் நிலா, மதி என்றால் அறிவு என்று அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் சொல்வார். மலையாளத்தில் மதி என்றால் 'போதும்' என்று அர்த்தம் என்பதை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. அது அவருக்கே தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில், அப்பா வேலை பார்த்த மிளகாய் வற்றல் மண்டிக்காரர் அவரைக் கொச்சிக்கு அனுப்பினார். கொச்சங்காடியில் ஒரு கிடங்கு, அதன் பின்னால் எங்களுக்கு ஒரு வீடு. மட்டாஞ்சேரியில் சரக்குக் கிடங்கைப் பாண்டிகசாலை என்பார்கள். தமிழ்நாட்டுக்காரனைப் பாண்டி என்பார்கள். ஆகவே பாண்டிகசாலையில் வேலை பார்க்கும் பாண்டிக்குப் பிறந்த பாண்டியாக, நடுவருடத்தில், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பாடம் பாதி இங்கிலீஷில், பாதி மலையாளத்தில். இரண்டுமே புரியாததால் நான் எந்த மொழிக்கும் பாரபட்சம் காட்டவில்லை.

எங்கள் வீட்டுத் துணிகள் கிடங்கின் ஓரத்தில்தான் காயும். என் சட்டையில் எப்போதும் வற்றல் நெடி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த பையன் காலையில் தும்ம ஆரம்பித்தால் கடைசி மணி அடிக்கும்போதுதான் நிறுத்துவான். இரண்டாம் நாளே அவன் இடம் மாறிவிட்டான். அதற்குப் பிறகு அந்த பெஞ்சு முழுக்க எனக்கே. (பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி.)

அங்கே எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆசிரியர் வருகைப் பதிவில் 'மதிவாணன்' என்று வாசிக்கும்போது பின்னால் ஒரு சிரிப்பு ஓடும், அது ஏனென்று எனக்குத் தெரியாது. மற்ற நேரமெல்லாம் 'எடா பாண்டி'தான். பதினாலு வயதில் சொந்தப் பெயரைக் கேட்காமல் ஒரு நாள் முழுக்க இருப்பது எவ்வளவு பெரிய பட்டினி என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஊரில் எல்லாருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது! சாயாக் கடைக்காரர் என் கண்ணாடித் தம்ளரில் சர்க்கரையைப் போட்டபடி ஒருநாள் கேட்டார்.

"மதியோ?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. "ஆமா, மதிதான்!" என்றேன்.

அவர் சர்க்கரையை நிறுத்திவிட்டார். கசந்த சாயாவைக் குடித்துக்கொண்டே நான் நினைத்தேன், அப்பா என்னைப் பற்றி ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார் என்று. எறணாகுளம் போகும் படகில் கூட்டம் ஏறும்போது படகுக்காரன் கையை ஆட்டி "மதி, மதி!" என்று கத்துவான். நான் மட்டும் 'இதோ வந்துட்டேன்' என்று முண்டியடித்து ஏறுவேன். அவன் முறைப்பான். கூப்பிட்டுவிட்டு முறைக்கிறானே, என்ன மனிதர்கள் என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

இப்படிப்பட்ட மேதையைக் கால்பந்து அணியில் சேர்த்தவர் எங்கள் விளையாட்டு ஆசிரியர் ராகவன் மாஷ். சேர்த்ததற்குக் காரணம் என் ஆட்டமல்ல. நான் உதைத்தால் பந்து இருந்த இடத்திலேயே இருக்கும், நான்தான் வேறிடத்துக்குப் போயிருப்பேன். போதாக்குறைக்கு உதைக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்ளும் பழக்கம் வேறு. ஆனால் தினமும் சாயங்காலம் தவறாமல் வந்து, சாக்கடையில் விழுந்த பந்தை முகம் சுளிக்காமல் எடுத்துக் கழுவிக் கொடுப்பேன். அந்தப் பணியைப் பாராட்டி மாஷ் என்னை உபரி ஆட்டக்காரனாக எழுதிக்கொண்டார். ஓரத்தில் உட்காரலாம், எலுமிச்சம்பழத் துண்டு தின்னலாம்.

இப்போது அந்த விதியைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது உங்களுக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது.

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து வருடாவருடம் ஒரு பந்தயம் நடத்தும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளிக்கூடம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைப் பிடித்து, கோல்மேல் கோலாக, எண்ணிக்கை எழுதுகிறவருக்கே கை வலிக்கும் அளவுக்கு அடித்திருக்கிறது. தோற்ற அணியின் கோல் காக்கும் பையன், அதாவது கோலி, அன்று வீட்டுக்குப் போகவில்லை. ஊரெல்லாம் தேடி, கடைசியில் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவில் அழுது தூங்கிப்போனவனைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் தலைமையாசிரியர்கள் எல்லாரும் கூடி ஒரு விதி வைத்தார்கள். ஜெயிக்கிறவனுக்கு ஆறு கோல் போதும். ஆறோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏழாவது கோல் அடிக்கிற அணி தோற்றதாகக் கணக்கு. பையன்கள் இந்த விதிக்கு வைத்த பெயர் 'ஆறு மதி'. ஆறு போதும், அவ்வளவுதான்.

நாங்கள் அந்த வருடம் இறுதிப் போட்டிக்குப் போனோம். எங்கள் பள்ளிக்கூடம் அந்த வெண்கலக் கோப்பையை அதுவரை தொட்டுப் பார்த்ததே இல்லை. எங்கள் கேப்டன் ஹம்சா, படகுத்துறைச் சுமைக்காரர் ஒருவரின் மகன், காலில் பந்து கிடைத்தால் எருமை மந்தைக்கு நடுவிலும் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு அதுதான் கடைசி வருடம். கோப்பையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து போக வேண்டுமென்று அவன் ஒரு புதுச் சட்டையே தைத்து வைத்திருந்தான்.

எதிரணியின் நிலைமைதான் பரிதாபம். அவர்களுடைய நல்ல ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அந்த வாரம் பார்த்துப் பொன்னுக்கு வீங்கி. கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பதிலாக அரைக்கால் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கும் பொடியன்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஆள் மாதிரி இருந்தவன் கோலி ஒருவன்தான். ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். அவன் அப்பாவுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

ஆட்டம் தொடங்கும் முன்பு எங்கள் தலைமையாசிரியர் எல்லாரையும் நிற்கவைத்து, கையில் இருந்த குடையை உயர்த்தி, உரத்த குரலில் விதியை நினைவுபடுத்தினார்.

"ஆறு மதி!"

எங்கள் ஊர்ப் பக்கம் 'யார்' என்பதை 'ஆரு' என்போம். ஆரு மதி? இவ்வளவு பெரிய மனிதர், இத்தனை பேருக்கு நடுவில், என்னைத் தேடுகிறார். நான் உபரி வரிசையில் இருந்து ஓரடி முன்னால் வந்து கையைத் தூக்கினேன்.

"நாந்தான் சார்!"

மைதானம் சிரித்தது. தலைமையாசிரியர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு, விதியை முதல் ஆளாக ஏற்றுக்கொண்ட மாணவன் என்று நினைத்தாரோ என்னவோ, "மிடுக்கன்" என்று தட்டிக்கொடுத்தார். அந்தச் சொல்லுக்குக் கெட்டிக்காரன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

ஆட்டம் தொடங்கியது. அதை ஆட்டம் என்பது பொடியன்களுக்குச் செய்கிற அநியாயம். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஆறு கோல் விழுந்துவிட்டது. உடனே எங்கள் ஆட்கள் விசை நிறுத்திய இயந்திரம் மாதிரி ஆகிவிட்டார்கள். பந்தை அவனுக்கு இவன், இவனுக்கு அவன் என்று தள்ளிக்கொண்டு, நேரத்தைக் கடத்தினார்கள். ஹம்சாவைக் கூடக் கால் அரிக்கக் கூடாதென்று மாஷ் எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டார்.

முன்னால் ஆடிய இன்னொரு பையனுக்கும் காலில் துடிப்பு அதிகம். தப்பித் தவறி அவன் அடித்துவிட்டால் எல்லாம் போச்சு. அந்த இடத்தில், எந்தக் காலத்திலும் எந்தச் சூழ்நிலையிலும் கோல் அடிக்கவே முடியாத ஒருவனை நிறுத்துவதுதான் பத்திரம். மாஷின் கண் உபரி வரிசையைத் தடவிக்கொண்டே வந்து என்மேல் நின்றது.

அவர் என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டுச் சொன்னது இது.

"எடா பாண்டி, நீ அவிடே போய் நின்னா மதி. கோலடிக்கண்டா, கேட்டோ?"

இதன் அர்த்தம், நீ அங்கே போய் நின்றாலே போதும், கோல் அடிக்க வேண்டாம், புரிந்ததா என்பது.

என் காதில் விழுந்தது வேறு. "நீ அங்கே போய் நின்னு, மதி, கோல் அடிக்கணும்டா, கேட்டியா?"

மதி! மாஷ் முதன்முதலாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டு, கோல் அடிக்கச் சொல்லிக் கெஞ்சவும் செய்கிறார். "கண்டிப்பா சார்" என்றேன். அவர் நிம்மதியாகப் போய் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்.

காலையில் பெய்த மழையில் மைதானம் முழுக்கக் குட்டை. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் பாக்கி. எங்கள் பையன் ஒருவன் நேரத்தைப் போக்குவதற்காகப் பந்தை ஆகாயத்தைப் பார்த்து ஓங்கி உதைத்தான். அது வந்து ஒரு குட்டையில் தொப்பென்று விழுந்து, நகராமல், சரியாக என் காலடியில் நின்றது.

நான் பந்தைப் பார்த்தேன், எதிர்க் கோலைப் பார்த்தேன், ஓட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு குரல்தான் கேட்டது. "மதி!" பிறகு இரண்டு. பிறகு எங்கள் பள்ளிக்கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. "மதி! மதி! மதியெடா!" மாஷ் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கோட்டோரமாக என்கூடவே ஓடிவந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டி, "மதீ! மதீ!" என்று கதறினார். தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து குடையைத் தூக்கி, "மதீ!" என்றார். தலைமையாசிரியரே!

நான் பொய் சொல்லப்போவதில்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. ஓடிக்கொண்டே அழுதேன். இத்தனை மாதம் பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனும் சொல்லாத என் பெயரை ஒரு மைதானம் முழுக்கச் சேர்ந்து சொல்கிறது. அவர்கள் எவ்வளவுக்கெவ்வளவு கத்தினார்களோ அவ்வளவுக்கவ்வளவு வேகமாக ஓடினேன்.

பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஹம்சா. எங்கள் கோலில் இருந்து புறப்பட்டு, கண் சிவக்க, என்னைத் துரத்திக்கொண்டு வந்தான். எட்டிச் சட்டையைப் பிடித்தான், கிழிந்தது. குறுக்கே காலை நீட்டினான், தாண்டினேன். 'இவன் மட்டும்தான் கோல் அடிக்கணுமா? எனக்கு ஒண்ணு விட்டுக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவான்? என்ன பொறாமை பிடித்தவன்!' என்று நினைத்தேன். (ஹம்சா இன்று உயிரோடு இருந்தால் இந்த வரிக்காக அவன் காலில் விழுவேன்.) அதைவிட அதிசயம் எதிரணி. பொடியன்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைத் தடுக்க வேண்டியவர்கள், மாப்பிள்ளை அழைப்புக்கு ஒதுங்குவதுபோல் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவன் "வா, வா" என்று கையைக்கூடக் காட்டினான்.

எனக்கு முன்னால் கோலி மட்டும் நின்றான். வழக்கம்போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதைத்தேன். சேற்றில் ஊன்றுகால் வழுக்கியது. வலது காலால் உதைக்க நினைத்த பந்து இடது முழங்காலில் பட்டது. ஆக, நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது மல்லாக்கக் கிடந்தேன். பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே அந்தப் பக்கம் கிடந்தது. கோலி சேற்றில் கிடந்தான்.

விசில்.

அடுத்த நிமிடம் பொடியன்கள் ஓடிவந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். பொன்னுக்கு வீங்கிக்காரர்கள் துண்டை அவிழ்த்துச் சுழற்றினார்கள். அடேயப்பா, தோற்றாலும் எதிரியின் திறமையைக் கொண்டாடுகிறார்களே, கொச்சிக்காரர்களின் பெருந்தன்மையே பெருந்தன்மை என்று எண்ணி, எங்கள் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினேன். எங்கள் பக்கத்தில் யாரும் ஆட்டவில்லை. மாஷ் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

என் வலது தொடையைத் தாங்கியிருந்தவன் அந்தக் கோலி. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தமிழில் பேசினான். அந்தத் தமிழ் கொஞ்சம் மலையாளத்தில் ஊறியிருந்தது, இருந்தாலும் என் காதுக்கு அது தேன்.

"எடா, நீ தமிழா? எந்தினாடா இப்படிச் செஞ்சே? அத்தனை பேரும் மதி மதின்னு கத்தறா, நீ பாட்டுக்கு ஓடறே!"

"என் பேரைச் சொல்லித்தானே கத்தினாங்க?"

"உன் பேரா? உன் பேரு என்னடா?"

"மதி."

அவன் என் தொடையை விட்டுவிட்டான். நான் சரிந்து கீழே விழுந்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தான். சிரிப்புக்கு நடுநடுவே, மூச்சு வாங்கி வாங்கி, மதி என்றால் போரும், அதாவது போதும், என்றும், ஆறு மதி என்றால் என்னவென்றும் சொன்னான். சாயாக் கடை, படகு, மாஷ், குடை எல்லாம் ஒவ்வொன்றாக என் மண்டைக்குள் திரும்பி வந்தன. பூமி பிளந்து உள்ளே போகலாமென்றால் கொச்சியில் அதுகூட வசதிப்படாது. அரையடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும்.

ஹம்சா என் எதிரில் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "மதிவாணா..." என்றான். அவன் வாயில் இருந்து என் முழுப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. அதைத் தொடர்ந்து வந்த சொற்களுக்கு நல்லவேளையாக எனக்கு அப்போது அர்த்தம் தெரியாது. பிற்பாடு தெரிந்துகொண்டேன், எழுத முடியாது. ஆனால் அவன் அந்தப் புதுச் சட்டையைப் போடாமலே மடித்து எடுத்துக்கொண்டு தனியாக நடந்துபோனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதை நினைத்தால் இந்தக் கதையில் சிரிக்க முடியாத இடம் எனக்கு அது ஒன்றுதான்.

மறுநாள் முதல் பள்ளிக்கூடத்தில் ஒருவன்கூட என்னைப் பாண்டி என்று கூப்பிடவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் மணி அடிக்கிறவர் வரை எல்லாருக்கும் என் பெயர் மனப்பாடம். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, கிடைத்த விதம்தான் சரியில்லை. அடுத்த வருடம் தலைமையாசிரியர்கள் மறுபடி கூடி, ஆறாவது கோலோடு ஆட்டமே முடிந்தது என்று விதியைத் திருத்தினார்கள். அதற்குக் காரணம் யாரென்று விதியில் எழுதவில்லை. அந்த மட்டுக்கும் அவர்கள் பெருந்தன்மையானவர்கள்தான்.

போட்டியன்று எங்கள் அணியோடு திரும்பினால் உயிர் மிஞ்சாது என்று அந்தக் கோலிதான் என்னைச் சந்துபொந்து வழியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் பெயர் சங்கரன். தமிழ் ஆட்கள்தான், மூன்று தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட சுக்கு வியாபாரக் குடும்பம். என்னை முன்னறையில் உட்காரவைத்து, தட்டு நிறையப் பழம்பொரி என்னும் நேந்திரம்பழ பஜ்ஜியை வைத்துவிட்டு, கைகால் கழுவுவதாகச் சொல்லி உள்ளே போனான். கதவோரமாக அவன் தங்கை சாரதா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ஏழு அடிச்ச ஆளு இதுவா?" என்று உள்பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டு, கதவையே சாத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அதற்குள் நான் படித்து முடித்து, ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அறுபதுகளின் பாதி ஓடிவிட்டிருந்தது. பெண் பார்க்கப் போனபோது என்னுடைய சம்பளம், ஜாதகம் எதையும் யாரும் கேட்கவில்லை. சங்கரனின் அப்பா, "இவனா? இவனை எனக்குத் தெரியுமே. தோத்த பையன்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவனாச்சே" என்றார். அதோடு காரியம் முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அடுத்த சிக்கல். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாதென்று பெரியவர்கள் சாரதாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பிறந்ததில் இருந்து நாளைக்கு நூறு தடவை 'மதி' என்று சொல்லி வளர்ந்தவள் அவள். சாதம் மதி, சாம்பார் மதி, பேசினது மதி. அன்று காலையோடு அந்தச் சொல் அவள் வாயில் இருந்து போயிற்று. பதிலுக்குப் 'போரும்' என்றாள். பால்காரர் மலையாளி. பாத்திரம் நிறைந்ததும் இவள் "போரும்" என்பாள். அவர் காதில் அது "போரா" என்று விழும். போரா என்றால் அங்கே 'போதாது' என்று அர்த்தம். அவர் இன்னும் ஊற்றுவார், இவள் இன்னும் உரக்க "போரும், போரும்" என்பாள். எங்கள் வீட்டு வாசலில் பால் ஆறாக ஓடியது என்று நான் சொன்னால் அது வர்ணனையல்ல. தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலைச் சுற்றியே கிடந்தன.

சங்கரனுக்கும் எனக்கும் மட்டும் ஒரு வழக்குத் தீராமலே இருந்தது. அந்த ஏழாவது கோலை நான் அடித்தேனா, அவன் விட்டானா? அடிக்கும்போது நான் கண்ணை மூடியிருந்தேன், அதனால் சாட்சி இல்லை. அவன் ஒவ்வொரு விசேஷத்திலும், மச்சானென்று மலையாளத்தில் 'அளியா' போட்டுச் சொல்வான். "அளியா, நீயாவது கோல் அடிக்கறதாவது! அது உள்ளே போனா நாங்க ஜெயிச்சோம்னு எனக்குத் தெரியாதா? சும்மா வழி விட்டுக் கொடுத்தேன். அதுதான் புத்தி." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் குத்தும். வாழ்நாளில் அடித்த ஒரே கோல், அதுவும் பிச்சை போட்டது என்றால் யாருக்குத்தான் குத்தாது?

போன ஓணத்துக்குச் சில நாள் முன்னால், சாரதா அடுப்படியில் உப்பேரிக்கு நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்தவள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் தானாகவே சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க வெளியில பழம்பொரி தின்னுண்டு இருக்கறப்போ, உள்ளே அண்ணாவுக்கு நான்தான் மஞ்சள் அரைச்சு வெச்சேன். இடது முழங்கை பூரா தோல் போயிருந்தது. சட்டைக் கையைக் கீழே இறக்கி விட்டு மறைச்சுண்டு வந்திருக்கான். பாய்ஞ்சு விழுந்தேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிண்டான்."

நான் அடுப்படிக்குள்ளேயே போய்விட்டேன். "இத்தனை வருஷம் சொல்லாம இப்போ ஏன் சொல்றே?"

"உங்களுக்குத்தான் இப்போ எதுவும் நினைவு நிக்கறதில்லையே. அந்தத் தைரியம்தான்."

ஆக, நான் அடித்திருக்கிறேன்! முழங்காலில் பட்டுப் போனாலும் கோல் கோல்தான். அன்று முழுக்க வீட்டுக்குள் துள்ளாத குறையாக நடந்தேன். துள்ளல் அடங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. சங்கரன் சும்மா நின்றிருந்தால் கோப்பை அவனுக்கு. பிடித்தால் தோல்வி அவனுக்கு. அது தெரிந்தும் அவன் பாய்ந்திருக்கிறான். கூட இருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கியபோது அந்த ஒட்டடைக் கம்பு மட்டும் ஒதுங்கவில்லை. பாய்ந்தும், இந்த உலகத்திலேயே மோசமான ஆட்டக்காரனிடம் கோல் வாங்கியிருக்கிறான். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் இத்தனை வருடமாகத் தன்னைத் தந்திரக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஓணத்தன்று எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். சங்கரன் வழக்கம்போல ஆரம்பித்தான். அந்த வருடம் கொஞ்சம் உப்பும் புளியும் கூடவே. நான் பந்தைக் கண்டு நடுங்கியதாகவும், அவனே ஓடிவந்து பந்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்ததாகவும். எங்கள் பேரப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு நாக்கு துடித்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், கதை முடிந்தது. வாயைத் திறந்தேன்.

"சங்கரா, அன்னிக்கு உன் இடது முழங்..."

"மதி."

பாயசத் தூக்கோடு என் பின்னால் நின்ற சாரதாவின் குரல் அது.

பந்தியில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. சங்கரனின் கை இடது முழங்கையைத் தடவியபடி அப்படியே நின்றது. அவன் தங்கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டு, "உன் இடது பக்கம் உப்பேரி இருக்கு பார், இப்படித் தள்ளு" என்றேன். அவன் தள்ளினான். அவன் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. எனக்கு இஞ்சிக்கறியின் காரம்.

எங்கள் மகளால்தான் பொறுக்க முடியவில்லை. "அம்மா! அப்பா பேரைச் சொல்லிட்டே!"

"பேரையா? நான் ஏன் பேரைச் சொல்றேன்?" என்றாள் சாரதா. "பாயசத்தைச் சொன்னேன். அவருக்குச் சர்க்கரை இருக்கு, போரும்னு சொன்னேன்."

சொல்லிக்கொண்டே என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.